தோட்டா நிரப்பப் புதிதாகத் தொடங்குபவருக்கு: மொத்த நீளத்தைச் சரியாகப் பிடிப்பது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய், அங்கே மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் உரிமம் எடுத்து, இப்போது தன் கையால் தோட்டா நிரப்ப, அதாவது சுட்ட வெற்றுக் கூட்டைத் திரும்பப் பாவித்துத் தோட்டா செய்யத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். புதியவர்கள் வெடிமருந்தின் நிறையில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நீளத்தில் காட்டுவதில்லை. சிக்கும் தோட்டா, சுற்றாத ரிவோல்வர் சிலிண்டர், எதிர்பாராமல் ஏறும் அழுத்தம் எல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஊரில் இருப்பவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கும் இலங்கையில், அனுமதியில்லாமல் வீட்டில் இந்த வேலையைச் செய்வது குற்றம். பன்றி விரட்ட உரிமத் துவக்கு வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். இங்கிருந்து பழகக்கூடியது அளவெடுப்பு மட்டும். அதை 3ஆம் படியில் சொல்லியிருக்கிறோம்.

1. எந்தச் சொல் எதைக் குறிக்கிறது

தோட்டா என்பது முழுப்பொருள். பித்தளைக் கூடு கோது. முன்னால் பறந்து போவது சன்னம். உள்ளே இருப்பது மருந்து. அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி கெப். கோதின் அடித்தட்டிலிருந்து சன்னத்தின் நுனி வரை உள்ள தூரம் மொத்த நீளம். துவக்கின் உள்ளே தோட்டா போய் இருக்கும் இடம் அறை. அறைக்கு முன்னால் குழலில் சுழல்வரிகள் தொடங்கும் இடத்தைப் புரி என்று எழுதுகிறோம்.

2. உரிமம் முதலில், கருவி பிறகு

கனடாவுக்குப் போனவர்கள் பிரஸ்ஸையும் (அழுத்தும் கருவி) டையையும் (கோதுக்கு வடிவம் கொடுக்கவும் சன்னத்தை இருத்தவும் பிரஸ்ஸில் பூட்டும் அச்சு) வாங்கி வைத்துவிட்டு உரிமத்துக்கு அலைவதுண்டு. வரிசையை மாற்றுங்கள். சுடுகலன் பாதுகாப்புப் பாடநெறியை முடித்துத் தேறிய பிறகுதான் விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே எண்ணி வையுங்கள். உரிமம் 5 வருடம் செல்லும்.

தடங்கல் வரும் இடம் சான்றாளர். உங்களைக் குறைந்தது 3 வருடம் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். போய் ஒரு வருடமே ஆனவருக்கு வேலைத்தளத்தில் அப்படி ஆள் கிடைக்காது. முன்னமே ஸ்காபரோவுக்குப் போன பள்ளிக்கூடத் தோழனையோ ஊர்க்காரரையோ விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். கடந்த 2 வருடத்துக்குள் உடன் வாழ்ந்த துணையின் விவரமும் படிவத்தில் கேட்பார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ சொல்லாமல் செய்யக்கூடிய காரியம் இல்லை இது.

இன்னொன்று. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனி ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே புதியவருக்கு .357 மக்னம், .44 மக்னம் என்றால் பெரும்பாலும் லீவர் றைபிளுக்கான (கீழுள்ள லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் றைபிள்) தோட்டா என்றுதான் பொருள். ரிவோல்வர் பற்றி 7ஆம் படியில் எழுதியிருப்பது, ஏற்கெனவே சட்டப்படி வைத்திருப்பவர்களுக்கும் அனுமதியுள்ள வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கும். மற்ற நாட்டுச் சட்டம் வேறு. அந்தந்த நாட்டில் கேட்டு அறியுங்கள்.

3. வேணியரைக் கையில் பழக்குங்கள்

150 மில்லிமீற்றர் நீள வேணியர் இடுக்கி ஒன்று போதும். 0.01 மி.மீ. அல்லது 0.001 அங்குலம் காட்ட வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 60 கனடிய டொலருக்குள் வேலைக்கு ஆகும் இலக்கத் திரை வேணியர் கிடைக்கும். நீளத்துக்கு மட்டும் என்றால் இதோடு சுத்தியல் வடிவச் சன்னம் கழற்றி ஒன்று, கோது வெட்டும் கருவி ஒன்று, றைபிளுக்கு ஒரு கொம்பரேற்றர் (நுனியிலிருந்து அல்லாமல் சன்னத்தின் வளைவிலிருந்து நீளம் எடுக்கும் துணைக்கருவி). கொம்பரேற்றரைக் கடைசியில் வாங்கினால் போதும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவர்களுக்கு வேணியர் புதிதல்ல. ஆனால் ஆய்வுகூடத்தில் செய்ததுபோல் ஒரு தரம் வாசித்து எழுதிவிட்டுப் போக முடியாது. சாதாரண ‘டபிள் ஏ’ பற்றரி ஒன்றை எடுங்கள். அடி தட்டை, மேலே ஒரு முனை. தோட்டாவின் அமைப்புத்தான். முதலில் தாடையை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து, பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பற்றரியின் நீளத்தைப் பத்துத் தரம் எடுத்துத் தாளில் எழுதுங்கள். அது 49.2 இலிருந்து 50.5 மி.மீ.க்குள் ஏதோ ஓர் அளவாக இருக்கும். எவ்வளவு என்பது முக்கியமில்லை. பத்து வாசிப்பும் 0.03 மி.மீ.க்குள் ஒத்துவர வேண்டும். பற்றரி கொஞ்சம் சரிந்தாலே வாசிப்பு கூடிவிடும். அடியைத் தாடையில் தட்டையாக அமர்த்தி, மெதுவாக உருட்டி, கிடைக்கும் ஆகக் குறைந்த வாசிப்பை எடுக்கக் கை பழக வேண்டும். இதை இணுவிலில் இருந்தும் பழகலாம், மெல்பேணில் இருந்தும் பழகலாம்.

மி.மீ., அங்குலம் மாற்றும் பொத்தானில் விரல் பட்டுவிடும். தோட்டா நிரப்புவதற்கான அமெரிக்கக் கைநூல்கள் அங்குலத்தில் பேசும், ஐரோப்பிய அட்டவணைகள் மி.மீ. இல் பேசும். 1 அங்குலம் 25.4 மி.மீ. ஓர் அலகைத் தெரிவு செய்து, குறிப்புப் புத்தகம் முழுவதையும் அதிலேயே எழுதுங்கள்.

4. மூன்று எல்லைகளில் எது குட்டையோ அதுதான் உங்கள் எல்லை

கைநூலைத் திறந்ததும் கண்ணில் படும் ‘அதிகபட்ச மொத்த நீளம்’ நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு இல்லை. எல்லா உற்பத்தியாளரின் துவக்கிலும் தோட்டா போய் இருக்க வேண்டும் என்பதற்காக வகுத்த மேல் எல்லை அது. பொதுவாகக் கையில் வரும் சிலவற்றின் அமெரிக்க மேல் எல்லை இது:

.38 ஸ்பெஷல்: 1.550 அங்குலம், 39.37 மி.மீ.
.357 மக்னம்: 1.590 அங்குலம், 40.39 மி.மீ.
.44 மக்னம்: 1.610 அங்குலம், 40.89 மி.மீ.
.223 றெமிங்டன்: 2.260 அங்குலம், 57.40 மி.மீ.
.30-30 வின்செஸ்ரர்: 2.550 அங்குலம், 64.77 மி.மீ.
.308 வின்செஸ்ரர்: 2.810 அங்குலம், 71.37 மி.மீ.
.30-06: 3.340 அங்குலம், 84.84 மி.மீ.

உங்கள் தோட்டாவைக் கட்டுப்படுத்துவன மூன்று. ஒன்று, தோட்டாக்கள் அடுக்கும் மகசீனின் அல்லது ரிவோல்வர் சிலிண்டரின் உள்நீளம். இரண்டு, உங்கள் குழலில் புரி தொடங்கும் இடம். மூன்று, நீங்கள் வைத்திருக்கும் அதே சன்னத்துக்குக் கைநூல் சோதித்துச் சொன்ன நீளம். ஓர் உதாரணம்: .308 றைபிள் ஒன்றில் சன்னம் புரியைத் தொடும் நீளம் 2.850 அங்குலம். 0.020 விட்டால் 2.830. மகசீன் உள்ளே 2.840, உராயாமல் ஏற 0.020 விட்டால் 2.820. கைநூல் அந்தச் சன்னத்தைச் சோதித்தது 2.800 இல். தொடக்கம் 2.800. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கைநூல் சொல்லும் நீளம் அந்தச் சன்னத்தோடு கட்டுண்டது. ஒரே நிறையில் இரண்டு நிறுவனச் சன்னங்கள் இருந்தால் ஒன்றின் மூக்கு நீளமாகவும் மற்றதன் மூக்கு மொட்டையாகவும் இருக்கலாம். மொத்த நீளத்தை ஒன்றாக்கினால் மொட்டைச் சன்னத்தின் உடல் கோதுக்குள் குறைவாகவும், நீள மூக்குச் சன்னத்தின் உடல் கூடுதலாகவும் இறங்கும். உள்ளே மருந்துக்கு இருக்கும் இடம் மாறிவிடும். சின்னக் கோதுகளில் இந்த இடம் கொஞ்சம் குறைந்தாலே அழுத்தம் வேகமாக ஏறும். நீள றைபிள் கோதுகளில் அவ்வளவு இல்லை. ஆனால் அங்கே மறுபக்க ஆபத்து இருக்கிறது: சன்னத்தை வெளியே இழுத்துப் புரியை முட்டவிட்டால், அது ஓடத் தொடங்கவே கூடிய விசை வேண்டும், அழுத்தம் குதிக்கும். நீளத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் மருந்தைக் கைநூலின் தொடக்க அளவுக்கு இறக்கி, அங்கிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

5. கோதை ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள்

சுட்ட கோது நீளும். .308க்குக் கோதின் மேல் எல்லை 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. .223க்கு 1.760, வெட்டும் அளவு 1.750. டையில் போட்டு அளவுக்குக் கொண்டு வந்த பிறகு அளவுங்கள். அதற்கு முன் அளந்தால் பயனில்லை, அந்த வேலையிலும் கோது நீளும். வெட்டிய வாயின் பிசிறை உள்ளும் புறமும் நீக்குங்கள்.

ரிவோல்வர் கோது அவ்வளவு நீளாது என்று இந்தப் படியைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள். தாண்டாதீர்கள். கோது வாயை உள்ளே மடித்துச் சன்னத்தைப் பிடிப்பதைக் கிறிம்ப் என்பார்கள். டை ஓரிடத்தில் பூட்டியிருக்கும். நீளக் கோதுக்கு மடிப்பு அளவுக்கு மீறும், குட்டைக் கோதுக்கு மடிப்பே விழாது. அளவுக்கு மீறினால் கோதின் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் பிதுங்கி, அறைக்குள் போக மறுக்கும்.

6. றைபிளில் புரி எங்கே தொடங்குகிறது என்று அறிதல்

மருந்தும் கெப்பும் மேசையில் இருக்கக்கூடாது. துவக்கு வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

செலவில்லாத வழி, கழுத்துப் பிளந்த கோது. அதே றைபிளில் சுட்டு, டையில் போட்ட வெற்றுக் கோது ஒன்றின் கழுத்தில் மெல்லிய வாளால் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். பிசிறை நீக்குங்கள். சன்னத்தை விரலால் செருகினால் இறுக்கமாக, ஆனால் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். சன்னத்தை வேண்டிய அளவைவிட வெளியே விட்டு, அறைக்குள் வைத்து, போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மெதுவாக மூடுங்கள். புரி சன்னத்தை உள்ளே தள்ளும். மெதுவாகத் திறந்து எடுத்து அளவுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. எடுக்கும்போது புரி சன்னத்தைக் கவ்விப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடும். அந்த நீளத்தை நம்பினால் நீங்கள் நிரப்பும் தோட்டா புரியை முட்டும். இதற்கு, செருகும் முன் சன்னத்தின் உடலில் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். எடுத்த பிறகு கோதின் வாய் மையைச் சுரண்டிய கோடு தெரியும். வாய்க்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் வெளிச்சக் கீற்றுப்போல இடைவெளி இருந்தால் சன்னம் இழுபட்டிருக்கிறது. கோடு வரை அதைத் திரும்ப உள்ளே தள்ளி அளவுங்கள். ஐந்து தரம் செய்து, ஐந்தும் 0.003 அங்குலத்துக்குள் ஒத்து வந்தால் அதில் ஆகக் குறைந்ததை எழுதுங்கள்.

போல்ட்டைக் கழற்றக்கூடிய றைபிளுக்கு இரண்டாம் வழியும் உண்டு. போல்ட்டை மூடி, தட்டை நுனியுள்ள துடைப்புக் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கமாக விட்டுப் போல்ட்டின் முகத்தைத் தொடவிடுங்கள். குழல்வாயில் கம்பியில் ஒரு கோடு. போல்ட்டைக் கழற்றி, சன்னத்தை அறைப்பக்கமாகப் பென்சிலால் மெதுவாகப் புரியில் நிறுத்தி, கம்பியை அதன் நுனியைத் தொடவிட்டு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையிலுள்ளது தொடும் நீளம். ஒன்று இன்னொன்றைச் சரிபார்க்க இரண்டையும் செய்யுங்கள். முதல்நாள் மாலை முழுவதும் இதற்கே போகும். போகட்டும்.

சன்னங்களின் நுனி ஒரே பெட்டிக்குள்ளும் ஒத்திராது. துவார நுனியும் ஈய நுனியும் 0.010 அங்குலம் வரை மாறுபடும். சன்னத்தைக் கோதுக்குள் தள்ளும் டையின் உள்தண்டு நுனியைத் தொடுவதில்லை, அதற்குக் கீழே வளைவைத் தொட்டுத் தள்ளுகிறது. அதனால் மொத்த நீளம் ஆடினாலும் புரிக்கான தூரம் சரியாகவே இருக்கலாம். கொம்பரேற்றர் அந்த வளைவிலிருந்து அளக்கும். புரித்தூரத்தை அதனால் பாருங்கள், மகசீனுக்கு மட்டும் நுனி வரை உள்ள நீளத்தைப் பாருங்கள். சன்ன வகை மாறினால் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். குழல் தேயத் தேயப் புரி முன்னால் நகரும் என்பதால் பருவத்துக்கு ஒருதரம் சரிபார்ப்பது நல்லது.

7. ரிவோல்வருக்கும் லீவர் றைபிளுக்கும் கணக்கு வேறு

இங்கே நீளத்தைத் தீர்மானிப்பது சன்னத்தில் உள்ள பள்ளம். கோது வாய் அந்தப் பள்ளத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி இருத்தி, வாயைப் பள்ளத்துக்குள் மடித்தால் நீளம் தானாக வந்துவிடும். வந்த நீளம் சிலிண்டருக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. அடங்காத சேர்க்கைகள் உண்டு. லைமன் நிறுவன அச்சில் வார்க்கும் 358429 இலக்கச் சன்னத்தை .357 கோதில் பள்ளத்தில் மடித்தால், ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 27 ரிவோல்வரின் சிலிண்டருக்கு அது நீளம். அதே நிறுவன அச்சின் 358156 இல் இரண்டு பள்ளம் இருப்பது .38க்கும் .357க்கும் வெவ்வேறாக இருத்துவதற்குத்தான். .38 கோது 1.155 அங்குலம், .357 கோது 1.290. இந்த 0.135 அங்குல இடம் இல்லாத .38 கோதுக்குள் .357 இன் மருந்தளவைப் போடுவது துவக்கையும் கையையும் கெடுக்கும்.

ரிவோல்வரில் சுடும்போது துவக்கு பின்னால் உதைக்கிறது. காத்திருக்கும் தோட்டாக்களின் கோது துவக்கோடு பின்னால் போகிறது, சன்னம் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. சன்னத்தின் மேல் கோதின் பிடி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் சன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கடைசியில் நுனி சிலிண்டருக்கு வெளியே நீட்டித் துவக்கின் சட்டகத்தில் முட்டும், சிலிண்டர் சுற்றாது. சோதனை எளிது: ஆறையும் அளந்து ஏற்றுங்கள், ஐந்தைச் சுடுங்கள், ஆறாவதை எடுத்து அளவுங்கள். நீண்டிருந்தால் பிடி போதாது. கிறிம்ப்பை மேலும் இறுக்குவதற்கு முன் கழுத்தைப் பாருங்கள். .357 சன்னத்துக்குக் கோது வாயை விரிக்கும் தண்டு 0.354 அல்லது 0.355 அங்குலம் இருக்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் எவ்வளவு மடித்தாலும் பிடிக்காது.

குழாய் மகசீன் லீவர் றைபிளில் நடப்பது இதற்கு எதிர்மாறு. தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, சுருளும் உதைப்பும் சன்னத்தைக் கோதுக்குள் தள்ளுகின்றன. அதற்கும் தீர்வு பள்ளத்து மடிப்புத்தான். அதோடு ஒரு சன்னத்தின் மூக்கு முன்னால் நிற்பதன் கெப்பில் முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கூர்ச்சன்னம் கூடாது. தட்டை மூக்கு, அல்லது குழாய் மகசீனுக்கென்றே செய்த வளையும் நுனிச் சன்னம். ஹோர்னடி நிறுவனத்தின் வளையும் நுனிச் சன்னங்களில் சிலவற்றுக்குக் கோதையே வழமையை விடக் குட்டையாக வெட்டச் சொல்லியிருப்பார்கள். அவர்களின் கைநூலில் அந்த வரியைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

8. டையைப் பூட்டும் முறை

வெட்டி, வாய் விரித்த வெற்றுக் கோதை வைத்துப் பிரஸ்ஸின் தண்டை மேலே ஏற்றுங்கள். டையை இறக்கிக் கோது வாயில் தட்டும் இடத்தில் நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கிப் பூட்டுங்கள். இப்போது கிறிம்ப் விழாது. உள்தண்டை நன்றாக மேலே ஏற்றி வைத்து, சன்னத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு தரமும் அளவுங்கள். டையின் வெளித் திருகுவரி அங்குலத்துக்கு 14 என்பதால் டையின் உடலை ஒரு சுற்றுத் திருப்பினால் 0.071 அங்குலம், கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.018. உடலைத் திருப்பினால் உள்தண்டும் அதனோடு இறங்கும் என்பதை மறந்து நீளத்தைக் கெடுப்பது புதியவர் எல்லோருக்கும் நடக்கிறது.

எல்லாச் சன்னத்தையும் முதலில் இருத்தி முடியுங்கள். பிறகு உள்தண்டை முழுக்க மேலே எடுத்து, உடலை இறக்கி, கிறிம்ப்பைத் தனிச் சுற்றாகச் செய்யுங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் சன்னம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடிந்து ஈயத்தைச் சீவும் வேலை இருக்காது.

ஈயச் சன்னம் பாவிப்பவர்கள் ஒவ்வொரு 50க்கும் உள்தண்டின் குழியைத் துடைக்க வேண்டும். மசகும் ஈயத்தூளும் அங்கே அடைந்து, சன்னம் சிறிது சிறிதாக ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். முதல் தோட்டா சரி, அறுபதாவது குட்டை. டையில் பழுது தேடுவதற்கு முன் குழியைப் பாருங்கள்.

9. வெறுந்தோட்டாவில் முழுச் சோதனை

மருந்தும் கெப்பும் இல்லாமல் ஒன்று செய்து, கோதின் பக்கத்தில் துளை போட்டு வையுங்கள். துளை இருந்தால் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் அதை உயிருள்ள தோட்டா என்று எண்ணமாட்டார்கள். அதை மகசீனில் ஏற்றி இறக்குங்கள். அறைக்குள் சுடாமலே ஏற்றி எடுங்கள், மார்க்கர் பூசிய சன்னத்தில் புரியின் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிவோல்வரில் சிலிண்டரை முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கடைசியாக, நுனியை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப அளவுங்கள். நீளம் குறைந்திருந்தால் கழுத்துப் பிடி போதாது. இது நான்கும் தேறிய பின்தான் மருந்துப் போத்தலைத் திறக்கலாம்.

சுடும்போது போல்ட் இறுகினாலோ கெப் தட்டையானாலோ அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத்தைச் சன்னம் கழற்றியில் பிரியுங்கள். இந்த அடையாளங்கள் தெரியவில்லை என்பது அழுத்தம் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

ஒவ்வொரு பெட்டியிலும் சன்னம், அதன் தொகுதி இலக்கம், கோது நீளம், மொத்த நீளம், எந்தத் துவக்குக்கு என்பதை எழுதி ஒட்டுங்கள். ஒரு றைபிளுக்கு அளந்த நீளம் தம்பியின் றைபிளுக்குப் பொருந்தாது, இரண்டும் ஒரே மொடலாக இருந்தாலும்.

10. ஊருக்கு வரும்போது

நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களின் பையில் வேட்டைக்குக் கொண்டுபோன பொருள் தங்கிவிடுவது உண்டு. துளை போட்ட வெறுந்தோட்டா, வெற்றுக் கோது, தோட்டா வடிவச் சாவிக்கொத்து எல்லாம் விமான நிலைய ஊடுகதிரில் உயிருள்ள தோட்டாவாகத்தான் தெரியும். கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ பிடிபட்டால், விளக்கம் சொல்லி முடிக்கத் திருவிழா முடிந்துவிடும். வேட்டைப் பையை ஊருக்குப் பாவிக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் பக்கப் பொக்கற்றுகளையும் அடித்துணியையும் கவிழ்த்துத் தட்டி, தையல் மடிப்புக்குள் விரல் விட்டுப் பாருங்கள்.